கல்யாண நாளுக்குச் செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு: எப்படித் திட்டமிடுவது?

கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்வது செட்டிநாடுதான். தஞ்சாவூரில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பெண்ணாக வந்து அளவு கொடுத்தவர்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில் திரும்ப வந்து, "அக்கா, பத்தாவது கல்யாண நாள் வருது, இவரு கொடைக்கானலுங்கறாரு, நீங்க என்ன சொல்றீங்க?" என்பார்கள். மலைக்குப் போனால் ஏறி இறங்கவே ஒரு நாள் போய்விடும். கானாடுகாத்தான் பக்கம் நூறு வருஷத்துச் செட்டியார் வீடு ஒன்றில் போய்த் தங்கினால், வண்டியை விட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து அந்த நாள் உங்களுடையது.

எங்கள் வெள்ளிவிழாவை நாங்கள் அங்கேதான் கொண்டாடினோம். அப்புறம் தங்கை வீட்டுக்காரர்கள், நாத்தனார், கடைக்கு வரும் பெண்கள் என்று பலருக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: தங்குகிற வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதீர்கள். நகரத்தாரின் (செட்டிநாட்டுச் செட்டியார்களின்) ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் சுற்றிவிட்டு இரவு களைத்துப்போய்ப் படுப்பதற்கு இவ்வளவு வாடகை கொடுக்க வேண்டாம். கோயிலுக்கு இன்னொரு முறை போய்க்கொள்ளலாம்.

எந்த வீடு?

பழைய வீடுகளைப் பழுதுபார்த்து விடுதியாக நடத்துகிறவர்கள் அந்தப் பக்கத்தில் இப்போது பலர் இருக்கிறார்கள். கானாடுகாத்தானில் இருக்கும் விசாலம், ஒரு தகப்பனார் தன் மகளுக்காகக் கட்டிய வீடு. ஆர்ட் டெக்கோ என்கிற பழைய மேல்நாட்டுக் கட்டடப் பாணி, அகலமான தாழ்வாரங்கள், பின்னால் நீச்சல் குளம். அறைகள் குறைவு என்பதால் கூட்டம் இருக்காது. திருமயம் பக்கத்தில் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் இருக்கிறது. பெரிய வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), தேக்குத் தூண்கள் என்று வீட்டின் கம்பீரத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது. கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸை பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் மிகுந்த பொறுமையோடு மீட்டெடுத்திருக்கிறார்கள். காரைக்குடியிலேயே இருக்க வேண்டும், சாப்பாடுதான் முக்கியம் என்றால் 'பங்களா' என்கிற விடுதி. அங்கே மத்தியானம் வாழை இலைச் சாப்பாட்டுக்காகவே வெளியூரிலிருந்து வருகிறார்கள். தங்காதவர்கள்கூட முன்கூட்டிச் சொல்லிவிட்டு இலைக்கு மட்டும் போகலாம்.

நீங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் என் ஓட்டு கானாடுகாத்தானுக்கு. ஊர் அமைதியானது, தெருக்கள் நேர்கோட்டில் அகலமாக இருக்கும், சாயங்காலம் கைவீசி நடக்கலாம். பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் நீச்சல் குளம் உள்ள வீடாகப் பாருங்கள். அவர்கள் தண்ணீரில் கிடக்கிற நேரம் உங்களுக்குக் கிடைக்கும்.

வாடகை மலிவு இல்லை. பெரிய விடுதிகளில் சீசனில் ஓர் இரவுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்பதை மனதில் வைத்து, "வரியோடு மொத்தம் எவ்வளவு?" என்றே கேளுங்கள். காலை உணவு சேர்ந்ததா, மத்தியானமும் இரவும் தனியா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பணம் இடித்தால் மூன்று இரவை இரண்டாக்குங்கள், ஆனால் ஓர் இரவாக்காதீர்கள். ஓர் இரவு என்றால் போனதும் பெட்டியைப் பிரிப்பதும் மறுநாள் கட்டுவதுமாகவே முடியும்.

தேதி

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் என் கடையில் நிற்க இடம் இருக்காது, அந்த விடுதிகளிலும் அப்படித்தான். நகரத்தார் குடும்பங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம் போன்றவை) சொந்த ஊருக்கு வருவார்கள். உறவினர் தங்க மொத்த விடுதியையும் எடுத்துக்கொள்வதும் உண்டு. உங்கள் கல்யாண நாள் முகூர்த்த மாதத்தில்தான் வரும் (உங்கள் கல்யாணமே முகூர்த்தத்தில்தானே நடந்தது!). அதனால் பதிவு செய்யும்போது, "அன்றைக்கு உங்கள் விடுதியிலோ பக்கத்து வீட்டிலோ விசேஷம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். விடியற்காலை நாதஸ்வரம் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குத் தூக்கம் போகும்.

தேதியைப் பத்து நாள் முன்னே பின்னே தள்ளினாலும் ஒன்றும் குறையாது. அன்றைக்கு வீட்டில் விளக்கேற்றி, பெரியவர்களை விழுந்து கும்பிட்டு, பாயசம் வைத்துவிடுங்கள். தங்கப் போவதை வாரநாளுக்கு மாற்றிக்கொண்டால் வாடகையும் குறையலாம், வீடே உங்களுக்கு என்பது போல இருக்கும். வெயில் தாங்காதவர்கள் சித்திரை, வைகாசியை விட்டுவிடுங்கள். அது வறண்ட சீமை. கார்த்திகை முதல் மாசி வரை சுகமாக இருக்கும். ஐப்பசி மழையில் போக வாய்த்தால் விடாதீர்கள். நாலு பக்கக் கூரையிலிருந்தும் வளவின் நடுவே தண்ணீர் கொட்டுவதை ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பெண்கள் மாதவிலக்கு நாளையும் கணக்குப் பார்த்துத்தான் தேதி சொல்வோம். இதை ஆண்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால்தான், "உனக்குத் தெரியாமலே எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன், கிளம்பு" என்கிற திடீர் ஆச்சரியம் எனக்குச் சம்மதமில்லை. மாமியாருக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது, பால்காரருக்கு யார் சொல்வது, பிள்ளையின் பரீட்சை எப்போது என்று எல்லாம் அவள் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்குப் போகிறோம் என்பதை ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆச்சரியத்தை அங்கே போய் ஒரு புடவையிலோ ஒரு பலகாரத்திலோ வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்வதைக் கணவர் எடுத்துக்கொண்டால், பாதி விழா அப்போதே நடந்த மாதிரி. எங்கள் வீட்டில் இவர் தன் தங்கையிடம் தானே பேசி, "அம்மாவை ரெண்டு நாள் பாத்துக்கம்மா, அண்ணியைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னார். அதை நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போனில் என்ன பேசுவது?

ஆன்லைனில் அறையைப் பார்த்து வைத்துக்கொண்டு, விடுதிக்கே போன் போட்டுப் பேசுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் கீழ்த்தள அறையைக் கேட்க வேண்டும். அந்தக் காலத்து மாடிப்படிகள் செங்குத்தானவை, நிலைப்படிகள் உயரமானவை. வாகனத்தோடு ஓட்டுநர் வருகிறார் என்றால் அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று கேளுங்கள். அவர் வண்டியில் கொசுக்கடியில் படுத்துக் கிடக்க, நாம் உள்ளே கல்யாண நாள் கொண்டாடுவது நியாயமில்லை.

இன்னொன்று, கல்யாண நாள் என்று சொன்னதும் பல இடங்களில் கேக், பலூன், படுக்கையில் பூவால் இதயம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு ஒரு விடுதியில் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, மற்ற விருந்தினரை எல்லாம் கைதட்டச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் கூச்ச சுபாவம், சாப்பாடே இறங்கவில்லை. என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கேக்குக்குப் பதில் நான் கேட்கச் சொல்வது கவுனி அரிசி. கறுப்பரிசியை வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துச் செய்வது. செட்டிநாட்டு விசேஷ வீடுகளில் இலையில் வைக்கும் இனிப்பு. அரிசி ஊற நேரம் வேண்டும், அதனால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் தயங்காமல் பேசுங்கள். சைவமா அசைவமா, வெள்ளிக்கிழமை கறி வேண்டாமா, சர்க்கரை வியாதி உண்டா, காரம் எவ்வளவு, எல்லாம். செட்டிநாடு என்றாலே நாக்கைச் சுடும் காரம் என்று வெளியூர் ஓட்டல்கள் நம்மை நம்பவைத்துவிட்டன. வீட்டுச் சமையல் அப்படி இருக்காது. சோம்பு, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் வாசனைக்கு, மிளகு பதமாக. உப்புக்கறி, கோலா உருண்டை, நண்டு மசாலா இவற்றில் ஒன்றிரண்டைக் கேளுங்கள். சைவம் என்றால் வெண்டைக்காய் மண்டியைக் கேட்காமல் வராதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி சேர்த்துச் செய்வார்கள். சாயங்காலக் காபியோடு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் எல்லாம் திரும்பும்போது காரைக்குடியில் வாங்கிக்கொள்ளலாம்.

போய்ச் சேருவது

தஞ்சாவூரிலிருந்து எங்களுக்குப் புதுக்கோட்டை வழியாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சென்னையிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் எழும்பூரில் பல்லவன் ரயில் ஏறுவார்கள். அது காரைக்குடி சேரும்போது இரவாகிவிடும். ஓர் இரவு வாடகையில் மாலை நேரம் முழுக்க வீணாகும். அதைவிட எழும்பூரிலிருந்து விடிகாலையில் கிளம்பும் தேஜஸ் ரயிலில் திருச்சி வந்து, அங்கிருந்து கார் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். தேஜஸ் வாரத்தில் ஒரு நாள் ஓடாது, பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதனால் முதலில் அறை, அப்புறம் டிக்கெட். விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம்.

அந்த இரண்டு நாள்

முதல் மத்தியானம் இலையில் உட்காருங்கள். ஆண்களே, உங்கள் மனைவியை முதலில் உட்கார வையுங்கள். இதைத்தான் நான் இவ்வளவு நேரம் சொல்ல நினைத்தது. நம் வீடுகளில் எத்தனை பெண்கள் சூடாக, உட்கார்ந்து, பரிமாறப்பட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள்? எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தட்டில் போட்டு நின்றுகொண்டே முடிப்பதுதான் வழக்கம். அங்கே ஒருவர் வந்து, "இன்னும் கொஞ்சம் மண்டி வைக்கட்டுமா அம்மா?" என்று கேட்கும்போது என் தங்கை கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். சொகுசு விடுதி என்றால் பளிங்குத் தரை என்று நினைக்கிறோம். அந்த வீடுகளில் இத்தாலியப் பளிங்கும் இருக்கிறது, பெல்ஜியம் கண்ணாடியும் இருக்கிறது, பர்மாத் தேக்கும் இருக்கிறது. என் தங்கை ஊருக்கு வந்து சொன்னது அந்த இலையைப் பற்றித்தான்.

சாப்பிட்டதும் தூங்குங்கள். எழுந்ததும் வீட்டைச் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள். பல விடுதிகளில் சாயங்காலம் ஒருவர் கூடவே வந்து விளக்குவார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர், பட்டு மாதிரி வழவழப்பு, கோடையிலும் குளிர்ச்சி.

வளவைச் சுற்றி இருக்கும் அறைகளுக்குக் கல்யாண நாளோடு ஒரு சம்பந்தம் உண்டு. மகனுக்குக் கல்யாணமானால் அவனுக்கும் மருமகளுக்கும் வளவில் ஓர் அறை கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நல்ல நாள் பார்த்து "வேறு வைப்பார்கள்". கூரை ஒன்று, அடுப்பு தனி. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் தங்கள் கோயில் கணக்கில் ஒரு "புள்ளி". ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் முழுப் புள்ளி, அந்தப் புள்ளிக்குத்தான் வரி. நீங்கள் தங்குகிற அறை ஏதோ ஒரு புதுத் தம்பதி குடித்தனம் தொடங்கிய அறையாக இருக்கலாம். எந்த அறை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்தவர்கள் ஆசையாகச் சொல்வார்கள்.

மறுநாள் காலை ஒரே ஓர் இடம் போதும்: ஆத்தங்குடி. கானாடுகாத்தானிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தரைக்கல் செய்யும் பட்டறைகளில் நின்று பார்க்க விடுவார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் தகர அச்சு வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் பரப்பி அழுத்துகிறார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்துக் கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பளபளப்பு. சூளையும் இல்லை, மெருகு எந்திரமும் இல்லை. கை ஆடாமல் சாயம் ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போது, கை வேலை செய்து பிழைக்கிற எனக்கு மரியாதை கூடிவிடும். பக்கத்திலேயே ஆத்தங்குடிப் பெரிய வீடு இருக்கிறது, கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம். பதினொரு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

கோயில் வேண்டும் என்கிறவர்களுக்கு அன்று சாயங்காலம் பிள்ளையார்பட்டி. கற்பக விநாயகர் குடைவரையில் இருக்கிறார், பாண்டியர் காலத்துக் கோயில், வலம்புரிப் பிள்ளையார். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல் போங்கள். சதுர்த்தியன்று கூட்டம் அதிகம். அன்றைக்கு அது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புடவை, பரிசு

மனைவிக்குப் பரிசு என்றால் கண்டாங்கி. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த காரைக்குடிப் புடவை. பருத்தி, கனமான நெசவு, கட்டமோ கோடோ போட்டு அகலக் கரை. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள். நெசவாளர்களிடமே வாங்க முடிந்தால் வாங்குங்கள், கைத்தறியா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு தையல்காரியாக இதையும் சொல்கிறேன்: முதல் முறை துவைக்கும்போது தனியாக, குளிர்ந்த தண்ணீரில். ரவிக்கைக்குக் கரையின் நிறத்தில் சாதாரணப் பருத்தி போதும். பட்டு ரவிக்கை போட்டால் அந்தப் புடவையின் அழகு போய்விடும். அங்கேயே கட்டிக்கொள்ள ஆசை என்றால், ஊரிலிருந்து கிளம்பும்போதே அரக்கிலும் கறுப்பிலும் ஒவ்வொரு ரவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கண்டாங்கி அமைந்தாலும் பொருந்திவிடும். கணவருக்கு என்றால் எனக்குப் பிடித்தது பனை ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை), அவர் மேசையில் சாவியும் மூக்குக்கண்ணாடியும் போட்டுவைக்க.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய இனாமல் பாத்திரங்கள், பீங்கான் ஜாடிகள், ரவிவர்மா படங்கள். சின்னப் பொருள் ஒன்று வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அங்கே அடுக்கியிருக்கும் தூணும் நிலைக்கதவும் இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். அந்தக் காசை, வீட்டை இடிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கும் விடுதிக்குக் கொடுப்பதில்தான் எனக்கு நிம்மதி.

தெருவில் நடக்கும்போது பூட்டிய வீடுகளைப் படம் எடுக்கலாம். திறந்திருந்தால் காவல்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், ஏதாவது கொடுங்கள். யாராவது குடியிருக்கிற வீடாக இருக்கும்.

கிளம்பும் நாள்

புதுக்கோட்டை, திருச்சிப் பக்கம் திரும்புகிறவர்களுக்குத் திருமயம் வழியிலேயே இருக்கிறது. 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை. வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட்டு, அடிவாரத்தில் பாறையைக் குடைந்த பெருமாளையும் சிவனையும் கும்பிட்டுக்கொண்டு வண்டி ஏறலாம். மூட்டுவலிக்காரர்கள் கீழே கோயில்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கணக்கு முடிக்கும்போது, சமைத்தவர்களைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அடுப்படியிலிருந்து வெளியே வரவே கூச்சப்படுவார்கள். நேரில் நன்றி சொல்லி, கையில் பணமும் கொடுங்கள். பொதுப் பெட்டியில் போட்டால் அது எல்லோருக்கும் பிரியும், அது தனி. ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு சேர்கிற மாதிரி மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் டிபன் டப்பா கட்ட எழுந்திருக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை திரும்பி, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டை வீட்டில் கணவர் சமைக்கட்டும். சாம்பாரும் அப்பளமும் போதும்.